சட்டையைப் புரட்டிப் பார்த்தால்: ஆடையின் உண்மை விலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்று உடுத்திய டி-சர்ட்டைக் கழற்றும்போது உள்பக்கத்தை வெளியே புரட்டிப் பாருங்கள். தோளில் ஒரு தையல். இரண்டு பக்கமும் விளிம்பு பிரியாமல் சுற்றிப் பிடித்த ஓவர்லாக். கை நுனியில் மடித்து ஓட்டிய இரட்டை வரி. கழுத்துக்குப் பின்னால் தையலை மறைத்த நாடா. இந்த நான்கையும் ஒரே ஆள் தைத்திருக்க மாட்டார். நான்கு பேர் நான்கு மெஷினில் உட்கார்ந்து தைத்திருப்பார்கள்.

அவர்களைப் பற்றியும், அந்தத் துணி வந்த வழியில் செலவான நீரையும் மண்ணையும் பற்றியும் பலர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எனக்கு இதில் தீர்மானமான கருத்து ஒன்று உண்டு, அதை மறைக்கவில்லை. ஆடைத் தொழிலில் நடக்கும் கேடுகளில் பெரும்பாலானவற்றைத் தோண்டிப் பார்த்தால் அடியில் அவசரம்தான் கிடக்கிறது.

துணியை இப்போதெல்லாம் மெஷின்தானே தைக்கிறது?

நூற்பதும் பின்னுவதும் பெரும்பாலும் இயந்திர வேலையாகிவிட்டன. தைப்பது ஆகவில்லை. இரும்புத் தகடு வைத்த இடத்தில் நிற்கும். துணி நிற்காது. வழுக்கும், இழுபடும், சுருளும். அதை விரல்தான் சரிபார்த்து ஊசிக்குக் கீழே தள்ள வேண்டும். உலகில் விற்கும் மிக மலிவான டி-சர்ட்டும் மனித விரல்களுக்கு நடுவே ஓடி வந்ததுதான்.

தொழிற்சாலையில் வேலை வரிசையாக நடக்கும். ஒருவர் தோள் மட்டும் சேர்ப்பார், அடுத்தவர் கை வைப்பார், அதற்கடுத்தவர் பக்கம் மூட்டுவார். பிறகு காஜா, பட்டன், பிசிறு வெட்டுதல், செக்கிங், அயர்ன், பேக்கிங். ஒவ்வொருவருக்கும் மணிக்கு இத்தனை பீஸ் என்று இலக்கு இருக்கும். ஒருவர் சுணங்கினால் அவர் பக்கத்தில் கட்டுகள் குவியும், அடுத்தவர் கை சும்மா இருக்கும், சூப்பர்வைசர் வந்து நிற்பார். எழுந்து போனால் இலக்கு தவறும் என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் இந்தத் தொழிலில் ஏராளம். சிறுநீர்த் தொற்று அவர்களுக்குப் பழகிப்போன நோய்.

‘ஃபாஸ்ட் ஃபேஷன்’ என்று எதைச் சொல்கிறார்கள்?

ஆண்டுக்குச் சில பருவங்களுக்கு மட்டும் புதிய வடிவங்கள் வந்த காலம் போய், வாரத்துக்கு ஒன்று, சில இணையக் கடைகளில் நாளுக்கு ஆயிரக்கணக்கில் என்று வரும் முறை. 2000-க்கும் 2015-க்கும் இடையில் உலக ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அதே காலத்தில் ஓர் ஆடையைத் தூக்கிப்போடுவதற்கு முன் உடுத்தும் தடவைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-இல் வெளியிட்ட கணக்கு இது. நமக்கு உடம்பு கூடவில்லை, அலமாரிதான் கூடியது.

ரானா பிளாசா என்ற பெயரை அடிக்கடி சொல்கிறார்களே, அங்கே என்ன நடந்தது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

வங்கதேசத் தலைநகர் டாக்காவை ஒட்டிய ஊர் சாவர். அங்கே எட்டு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. கீழே கடைகளும் ஒரு வங்கிக் கிளையும், மேலே ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள். மேல் மாடிகள் சில உரிய அனுமதியின்றி ஏற்றப்பட்டவை. 2013 ஏப்ரல் 23 அன்று சுவரிலும் தூணிலும் விரிசல் கண்டது. பார்வையிட்ட பொறியாளர் ஆட்களை வெளியேற்றச் சொன்னார். மறுநாள் வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது. கடைகளும் திறக்கவில்லை.

தைக்கிறவர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். போகாவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும் என்று மிரட்டினார்கள். வெளிநாட்டு ஆர்டர் நாள் தவறக் கூடாது. காலை ஒன்பது மணிக்குச் சற்று முன் மின்சாரம் நின்றது. மேல் மாடிகளில் வைத்திருந்த கனமான ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, கட்டடம் அதிர்ந்தது, மொத்தமாகச் சரிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். சுமார் 2,500 பேர் காயங்களோடு மீட்கப்பட்டார்கள், பலருக்குக் கையையோ காலையோ வெட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது.

அந்த வங்கி ஊழியரும் அந்தத் தையல் தொழிலாளியும் பார்த்தது ஒரே விரிசல். ஒருவருக்கு அன்று விடுமுறை கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போக என்னால் முடிவதில்லை.

இது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய கதை அல்ல. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தபோது 146 பேர் இறந்தார்கள். வெளியேறும் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். 2012 செப்டம்பரில் கராச்சியில் ஒரு தொழிற்சாலைத் தீயில் 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சன்னல்களில் கம்பி, வழிகளில் பூட்டு. அதே ஆண்டு நவம்பரில் டாக்கா அருகே டாஸ்ரீன் தொழிற்சாலையில் 110-க்கும் மேற்பட்டோர். நூறு ஆண்டு கழிந்தும் பூட்டு அதே கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகாவது நிலைமை மாறியதா?

கட்டடப் பாதுகாப்பில் மாறியது. மனசாட்சி விழித்ததால் மாறவில்லை, கையெழுத்துப் போட்டதால் மாறியது. 2013 மே மாதம் துணி வாங்கும் பிராண்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வங்கதேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதுவரை இருந்தவை எல்லாம் நிறுவனங்கள் தாங்களே எழுதிக்கொண்ட நன்னடத்தை விதிகள். மீறினால் கேட்க ஆளில்லை. இந்த ஒப்பந்தம் சட்டப்படி கட்டுப்படுத்தியது, சுயேச்சையான பொறியாளர்கள் சோதித்தார்கள், முடிவுகள் ஊரறிய வெளியிடப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் தீக்கதவு, மின்கம்பி, தூண் என்று திருத்த வேலை நடந்தது. பின்னர் அது பாகிஸ்தானுக்கும் விரிந்தது.

கூலியில் மாற்றம் மிக மெதுவாகத்தான் வருகிறது. வங்கதேச ஆடைத் தொழிலில் குறைந்தபட்ச மாதக் கூலி 2018 முதல் 8,000 டகாவாக (அந்நாட்டு நாணயம்) இருந்தது. 2023-இல் தொழிலாளர்கள் 23,000 கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். கிடைத்தது 12,500. அந்தப் போராட்டத்தில் உயிர்களும் போயின.

2020-இல் பெருந்தொற்று வந்தபோது இந்தத் தொழிலின் எலும்புக்கூடு வெளியே தெரிந்தது. பல பெரிய நிறுவனங்கள், தைத்து முடித்த துணிக்குக்கூடப் பணம் தர முடியாது என்று ஆர்டரை ரத்து செய்தன. வங்கதேசத்தில் மட்டும் ரத்தான, நிறுத்தப்பட்ட ஆர்டர்களின் மதிப்பு 300 கோடி டாலரைத் தாண்டியது. நூலும் துணியும் தொழிற்சாலை கடனுக்கு வாங்கியவை, கூலி தொழிலாளிக்குத் தர வேண்டியது. நட்டம் கீழே இறங்கி இறங்கிக் கடைசியில் மாதச் சம்பளத்தில் வாழ்பவர் மடியில் விழுந்தது. பொதுமக்கள் இணையத்தில் விடாமல் கேட்ட பிறகுதான் பல நிறுவனங்கள் பணம் தர ஒப்புக்கொண்டன.

பெண்கள் மீதான துன்புறுத்தலும் இதில் சேர்த்தி. தைப்பவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள், மேற்பார்வையிடுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள், தலைக்கு மேல் இலக்கு. 2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் இதைத் தடுக்கச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஏற்பாடு. இளம் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, பெண்களே நடத்தும் ஒரு தொழிற்சங்கம் விடாமல் போராடி வாங்கியது அது. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும், தொழிலாளர்களுக்குள்ளேயே பயிற்சி பெற்ற பெண்கள் வரிசைதோறும் கண்காணிப்பார்கள் என்பதும் அதன் உயிர்நாடி.

விலை உயர்ந்த பிராண்டில் வாங்கினால் தைத்தவருக்கும் அதிகம் கிடைக்குமா?

அப்படி நம்பிவிடாதீர்கள். கடையில் ஒட்டிய விலையில் தைத்தவர் கூலி பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் துணி, போக்குவரத்து, வரி, விளம்பரம், கடை வாடகை, லாபம். மலிவான சட்டையும் அதைப்போல ஐந்து மடங்கு விலையுள்ள சட்டையும் ஒரே தொழிற்சாலையில், ஒரே கூலிக்குத் தைக்கப்படுவது இந்தத் தொழிலில் சாதாரணம். விலை கூடுவதால் மட்டும் நியாயம் கூடாது. ஆனால் நம்ப முடியாத அளவுக்கு விலை குறைவாக இருந்தால், அந்தக் குறைவை யாரோ ஒருவர் எங்கோ சுமந்திருக்கிறார் என்பது உறுதி.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். கூலியை இரட்டிப்பாக்கினாலும் விலைச்சீட்டில் அது சிறிய தொகைதான். அதைத் தர முடியாது என்று சொல்லும் நிறுவனங்களின் பேச்சை நான் ஏற்கவில்லை.

ஒரு டி-சர்ட்டுக்கு 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்கிறார்களே, உண்மையா?

எண் உண்மை, புரிந்துகொள்ளும் விதத்தில்தான் பிழை. அது உலக சராசரி. பருத்திச் செடி குடித்த மழை, வாய்க்காலில் இறைத்த பாசன நீர், மாசைக் கரைத்து ஆற்றத் தேவைப்படும் நீர் எல்லாம் சேர்ந்தது. மானாவாரி நிலத்தில் மழையை நம்பி விளைந்த பருத்தியும், பாலைவனத்தில் ஆற்றைத் திருப்பி விளைவித்த பருத்தியும் ஒரே கணக்கில் வராது. ‘எத்தனை லிட்டர்’ என்பதோடு ‘யாருடைய தண்ணீர்’ என்றும் கேட்க வேண்டும்.

ஆற்றைத் திருப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆரல் கடல் சாட்சி. கசகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவே இருந்த அந்த ஏரி 1960-இல் உலகின் மிகப் பெரிய நான்கு ஏரிகளில் ஒன்று. அதில் வந்து விழுந்த அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைச் சோவியத் அரசு பருத்தி வயல்களுக்குத் திருப்பியது. இன்று பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவே மிச்சம். மீன்பிடித் துறைமுகமாக இருந்த மொய்னாக் ஊரில் துருப்பிடித்த படகுகள் மணலில் நிற்கின்றன. காய்ந்த ஏரித்தரையிலிருந்து உப்பும் பூச்சிக்கொல்லி எச்சமும் கலந்த தூசி காற்றில் கிளம்பி ஊர்களுக்குள் வருகிறது. உஸ்பெகிஸ்தானில் அந்தப் பருத்தியைப் பறிக்க மாணவர்களையும் ஆசிரியர்களையும் அரசே பல ஆண்டுகள் கட்டாயப்படுத்தி அனுப்பியது. உலகம் முழுக்க நடந்த புறக்கணிப்பும் உள்ளூர் ஆர்வலர்களின் துணிச்சலும் சேர்ந்து அதை முடிவுக்குக் கொண்டுவந்தன. 2022 மார்ச்சில் புறக்கணிப்பு விலக்கப்பட்டது.

சாயம் ஏன் ஆற்றைக் கெடுக்கிறது? சுத்திகரிக்க முடியாதா?

முடியும். ஆனால் அதற்குச் செலவும் நேரமும் ஆகும்.

பருத்தியைச் சாயமிடப் பெரும்பாலும் பயன்படுவது ரியாக்டிவ் சாயம். தண்ணீரில் போட்டால் பருத்தி இழையும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும், இரண்டுக்கும் ஒரே வகை மின்னூட்டம். அந்தத் தள்ளலை அடக்கி, சாயத்தை இழைமேல் உட்காரவைக்க உப்பு வேண்டும். அடர்ந்த கறுப்புக்கோ நீலத்துக்கோ ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராமுக்கும் மேலே உப்பு போகும். வேலை முடிந்ததும் அந்த உப்பு முழுவதும் கழிவுநீரில்தான் இருக்கும். சாயத்திலும் ஒரு பகுதி ஒட்டாமல் அதோடு போகும். நிறத்தை எடுத்துவிடலாம். கரைந்த உப்பைச் சாதாரண முறையில் வடிகட்டவோ நுண்ணுயிரிகளைக் கொண்டு அழிக்கவோ முடியாது. பார்வைக்குத் தெளிந்த நீர்கூட வயலில் பாய்ந்தால் மண்ணைக் கெடுக்கும்.

நொய்யல் ஆறு இதைக் கண்டது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் வளர்ந்த வேகத்தில் சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவைத் தேக்கும் தொட்டியானது. அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. அணை கட்டுவது தண்ணீர் கேட்டுத்தானே. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே மீண்டும் திறக்க முடிந்தது. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நல்ல நீரைப் பிரித்து, மிஞ்சிய உப்புநீரைக் கொதிக்கவைத்து உப்பை மீட்டு இரண்டையும் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். பெரிய சாதனை அது. ஆனால் மின்சாரமும் எரிபொருளும் ஏராளமாகச் செலவாகும், பயன்படாத கலப்பு உப்பும் கசடும் இன்னும் மலைபோல் மிஞ்சுகின்றன.

இத்தனை செலவு செய்து சாயமிடும் ஊரும், கழிவை அப்படியே ஆற்றில் விடும் ஊரும் ஒரே ஆர்டருக்குப் போட்டியிட்டால் வாங்குபவர் யாரிடம் போவார்? இந்தக் கேள்விக்கு நியாயமான விடை வராதவரை ஏதோ ஓர் ஆறு நிறம் மாறிக்கொண்டேதான் இருக்கும்.

பருத்தி நல்லதா, பாலியெஸ்டர் நல்லதா?

பாலியெஸ்டர் என்பது கச்சா எண்ணெயிலிருந்து வருவது, பிளாஸ்டிக்கின் ஓர் இழை வடிவம். இன்று உலகில் உற்பத்தியாகும் இழையில் பாதிக்கும் மேல் அதுதான். பருத்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு. பாலியெஸ்டருக்கு நீர் குறைவு, உழைக்கும், சீக்கிரம் காயும். ஆனால் துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழைகளை உதிர்க்கும். கடலில் நேரடியாகச் சேரும் நுண்பிளாஸ்டிக்கில் 35 சதவீதம் செயற்கைத் துணிகளைத் துவைப்பதால் வருகிறது என்று 2017-இல் ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு மதிப்பிட்டது. மக்கவும் மக்காது. மரக்கூழிலிருந்து வரும் விஸ்கோஸ், ரேயான் ‘இயற்கை’ போலத் தோன்றும். அதைச் செய்யப் பயன்படும் கார்பன் டைசல்பைடு, கவனமில்லாத ஆலைகளில் தொழிலாளர் நரம்பைத் தின்றிருக்கிறது.

இதனால் ‘இந்த இழை நல்லது, அந்த இழை கெட்டது’ என்று பட்டியல் போட எனக்கு விருப்பமில்லை. பத்து ஆண்டு உழைக்கும் பாலியெஸ்டர் மழைக்கோட்டு, நான்கு முறை போட்டு எறியும் இயற்கைப் பருத்திச் சட்டையைவிட மேல். ஒன்றை மட்டும் தவிர்க்கலாம். பருத்தியையும் பாலியெஸ்டரையும் கலந்து நெய்த துணி மறுசுழற்சிக்கு மிகச் சிரமம், இழைகளைப் பிரிப்பது எளிதல்ல.

ஜீன்ஸில் வரும் வெளுத்த, தேய்ந்த தோற்றம் எப்படி வருகிறது?

ஒரு காலத்தில் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். உயர் அழுத்தக் காற்றில் மணல் போய்த் துணியைத் தேய்க்கும், அதன் தூள் குழாய் பிடித்திருப்பவர் நுரையீரலில் தங்கும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நுரையீரல் நோய் வந்தால் திரும்ப வழியில்லை. துருக்கியில் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள் மூச்சுவிட முடியாமல் இறந்தார்கள், 2009-இல் அங்கே இந்த முறை தடைசெய்யப்பட்டது. இப்போது லேசர், ஓசோன் என்று பாதுகாப்பான வழிகள் வந்துவிட்டன. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தெளிக்கும் பழக்கமும் இன்னும் இருக்கிறது, அதுவும் மூச்சுக்கு நல்லதல்ல. சலவை போடாத அடர்நீல ஜீன்ஸை வாங்குங்கள். உங்கள் முழங்கால் அதைத் தேய்க்கட்டும்.

பழைய துணியைத் தானமாகக் கொடுத்துவிடுகிறேன். அது போதாதா?

தெரிந்தவருக்கு, தேவையானவருக்குக் கொடுத்தால் நல்லதுதான். பழைய துணி சேகரிக்கும் பெட்டியில் போட்டு மறந்துவிடுவது வேறு.

பெட்டியில் விழும் துணியில் பெரும்பகுதி மூட்டையாகக் கட்டி விற்கப்படுகிறது. கானா நாட்டின் அக்ரா நகரில் கண்டமாண்டோ சந்தைக்கு வாரத்துக்கு ஒன்றரைக் கோடி துணிகள் வருவதாக அங்கே பணியாற்றும் ஓஆர் அறக்கட்டளை சொல்கிறது. அந்தத் துணிக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘ஒப்ரோனி வாவு’, அதாவது செத்த வெள்ளைக்காரர் உடுப்பு. இவ்வளவு நல்ல சட்டையை உயிரோடிருப்பவர் தருவாரா என்று முதலில் வியந்து வைத்த பெயராம். வியாபாரி மூட்டையைப் பிரிக்காமலே கடன் வாங்கிப் பணம் கட்ட வேண்டும். பிரித்தால்தான் உள்ளே கறையா கிழிசலா என்று தெரியும். ஏறத்தாழ 40 சதவீதம் குப்பையாகவே வெளியேறுகிறது என்பது அந்த அறக்கட்டளையின் கணக்கு. அது சாக்கடையிலும் கடற்கரையிலும் முறுக்கேறிய கயிறுபோல் புதைந்து கிடக்கிறது. அந்த மூட்டைகளைத் தலையில் சுமப்பவர்கள் ‘காயாயி’ எனப்படும் பெண்கள். கழுத்தெலும்பு தேயும் வேலை.

சிலியில் இக்கிக்கே துறைமுகத்துக்கு வந்து விலைபோகாத துணி, அருகே அல்ட்டோ ஓஸ்பிசியோவை ஒட்டிய அட்டகாமா பாலைவனத்தில் கொட்டப்பட்டது. விலைச்சீட்டு பிரிக்காத புதுத் துணிகளும் அதில் உண்டு.

கொடுப்பதாக இருந்தால் துவைத்து, பட்டன் வைத்து, ‘இதை என் நண்பருக்குத் தருவேனா’ என்று கேட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

மறுசுழற்சி செய்த துணி என்று எழுதியிருந்தால்?

பழைய ஆடை மீண்டும் புதிய ஆடையாவது 1 சதவீதத்துக்கும் குறைவு. ‘மறுசுழற்சி பாலியெஸ்டர்’ பெரும்பாலும் தண்ணீர்ப் பாட்டிலிலிருந்து வருவது. பாட்டில் மீண்டும் பாட்டிலாகலாம். சட்டையாகிவிட்டால் அத்தோடு பயணம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

முத்திரைகளை நம்பலாமா?

எது எதைச் சோதிக்கிறது என்று தெரிந்தால் நம்பலாம். ‘கோட்ஸ்’ (GOTS) முத்திரை இயற்கை வேளாண் இழை குறைந்தது 70 சதவீதம், சாய ரசாயனம், கழிவுநீர், தொழிலாளர் நிலை ஆகியவற்றைப் பார்க்கிறது. ‘ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100’ கையிலிருக்கும் துணியில் உடலுக்குக் கெடுதலான பொருள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், தைத்தவருக்கு என்ன கூலி என்று அது கேட்காது. ‘ஃபேர்டிரேடு பருத்தி’ விவசாயிக்கு நியாய விலையை உறுதிசெய்கிறது. ‘பசுமை’, ‘பூமிக்கு நல்லது’ போன்ற வெறும் சொற்களுக்கும் பச்சை இலைப் படத்துக்கும் எந்தப் பொருளும் இல்லை.

தணிக்கையையும் கண்மூடி நம்ப வேண்டாம். ரானா பிளாசாவில் இருந்த தொழிற்சாலைகளில் சில தணிக்கைக்கு உட்பட்டவைதான். கராச்சியில் எரிந்த தொழிற்சாலை, தீப்பிடிக்கச் சில வாரங்களுக்கு முன்தான் சான்றிதழ் வாங்கியிருந்தது.

கடையில் நிற்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அடர்த்தி ஒரே சீராக இருக்கிறதா? பக்கத் தையலை இரண்டு பக்கமும் மெல்ல இழுங்கள். நடுவே பல்வரிசைபோல் இடைவெளி விழுந்தால் தையல் நெருக்கம் போதாது, இரண்டாவது சலவையில் பிரியும். உள்ளே மடித்த துணி கொஞ்சமாவது மிச்சம் இருந்தால் பிறகு பிரித்துப் பெரிதாக்கலாம். கோடு போட்ட சட்டையென்றால் தோளிலும் பையிலும் கோடு சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் வெட்டியவருக்கு நிதானமாக வெட்ட நேரம் தந்திருக்கிறார்கள் என்று பொருள். கூடுதல் பட்டன் ஒன்று தைத்து வைத்திருப்பதும் நல்ல அறிகுறி. இந்தத் துணி நாளை உழைக்கும் என்று செய்தவர் நினைத்திருக்கிறார்.

அடுத்து, திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். இரண்டு வாரம் கழித்தும் அது நினைவில் இருந்தால், அலமாரியில் உள்ள மூன்று உடுப்புகளோடு பொருந்தினால், வாங்குங்கள். ‘இன்னும் இரண்டு மணி நேரத்தில் சலுகை முடிகிறது’ என்று ஓடும் கடிகாரத்தைப் பார்த்தால் பக்கத்தை மூடிவிடுங்கள். அந்தக் கடிகாரம்தான் தொழிற்சாலையிலும் ஓடுகிறது. இணையத்தில் மூன்று அளவு வாங்கி இரண்டைத் திருப்பி அனுப்புவதும் வேண்டாம். திரும்பியவை எல்லாம் மீண்டும் விற்பனைக்குப் போவதில்லை.

இதெல்லாம் வசதியானவர்களுக்குத்தானே? கையில் இருப்பதே கொஞ்சம்.

இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். மலிவான துணியைத் தவிர வேறு வழியில்லாமல் வாங்குபவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. வேறு வழியில்லாதவர் அதை ஆண்டுக்கணக்கில் உடுத்துவார், ஒட்டுப்போடுவார், தம்பிக்குக் கொடுப்பார். பொறுப்பாக உடுத்துவது எப்படி என்று அவரிடம்தான் மற்றவர்கள் கற்க வேண்டும். ஆடைத் தொழிலின் சுமையை ஏற்றுவது தேவைக்கு மேல், பொழுதுபோக்காக, வாரம்தோறும் வாங்கும் பழக்கம்.

பிரிட்டனின் ‘ராப்’ அமைப்பு ஒரு கணக்குப் போட்டது. ஓர் ஆடையை இன்னும் ஒன்பது மாதம் கூடுதலாக உடுத்தினால் அதன் கார்பன், நீர், கழிவுச் சுமை குறையும். இதற்குக் காசு வேண்டாம், ஓர் ஊசியும் நூலும் போதும். பட்டன் தளர்ந்த அன்றே நான்கு இழை போட்டு, அடியில் சின்னக் கழுத்துபோல் நூலைச் சுற்றி முடியுங்கள். விழுந்து தொலைந்த பிறகு தேடுவதைவிட எளிது.

துவைப்பதில் கவனிக்க என்ன இருக்கிறது?

ஒருமுறை போட்டதும் துவைக்க வேண்டிய துணி எது, காற்றாட விட்டாலே போதுமான துணி எது என்று பிரியுங்கள். குளிர்ந்த நீர், மெஷின் நிறையும் அளவு துணி, குறைந்த நேரம் என்றால் இழை உதிர்வது குறையும். நிறமுள்ளதைப் புரட்டி நிழலில் காயப்போடுங்கள்.

எல்லாரும் குறைவாக வாங்கினால் தைப்பவர்களுக்கு வேலை போய்விடாதா?

நேர்மையான பயம். வங்கதேசத்தின் ஏற்றுமதி வருமானத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் ஆடைகள் ஈட்டுவது. அந்தப் பெண்களுக்கு அந்தச் சம்பளம் சுதந்திரமும்கூட. அதனால்தான் ஒரு நாட்டையோ ஊரையோ மொத்தமாகப் புறக்கணியுங்கள் என்று அங்குள்ள சங்கங்களே சொல்வதில்லை. அவர்கள் கேட்பது கூலி, பாதுகாப்பு, சங்கம் வைக்கும் உரிமை.

ஆனால் இன்றைய அளவில் தைத்துக் குவித்தால்தான் அவர்கள் பிழைக்க முடியும் என்ற வாதத்தை யோசித்துப் பாருங்கள். ஒரு பீஸுக்குக் கிடைப்பது மிகக் குறைவு என்பதால்தான் இத்தனை பீஸ் தேவைப்படுகிறது. பாதி எண்ணிக்கையை, இரண்டு மடங்கு கூலியில், நிதானமாகத் தைக்க முடிந்தால் தைப்பவருக்கு இழப்பு எங்கே? தானாக நடக்காது, சட்டமும் சங்கமும் வேண்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2021-இல் பீஸ் கணக்குக் கூலியை ஆடைத் தொழிலில் தடைசெய்து, மணிக் கூலியைக் கட்டாயமாக்கியது. விற்காத புதுத் துணியை அழிப்பதைப் பிரான்ஸ் 2022 முதல் தடுத்திருக்கிறது.

நான் ஓர் ஆள் கேட்டால் நிறுவனம் காதில் போட்டுக்கொள்ளுமா?

ரானா பிளாசா விழுந்தபோது, அங்கே யாருக்காகத் தைத்தார்கள் என்று கேட்டதற்குப் பல நிறுவனங்கள் வாய் திறக்கவில்லை. தொழிலாளர் அமைப்பினர் இடிபாடுகளுக்குள் இறங்கித் துணிகளில் தைத்திருந்த பெயர்ச்சீட்டைத் தேடி எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. அப்போது தொழிற்சாலைப் பட்டியல் என்பது வியாபார ரகசியம். வாடிக்கையாளர்களும் சங்கங்களும் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கேட்டு, இப்போது பல பெரிய நிறுவனங்கள் பெயரும் முகவரியுமாகப் பட்டியலை வெளியிடுகின்றன. ‘ஓப்பன் சப்ளை ஹப்’ என்ற இலவச வரைபடத்தில் அவற்றை யாரும் தேடலாம்.

அடுத்த முறை வாங்குவதற்கு முன் அந்த நிறுவனத்தின் பட்டியலைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் இரண்டு வரி எழுதுங்கள்: ‘இந்தச் சட்டை எந்தத் தொழிற்சாலையில் தைக்கப்பட்டது? அங்கே சங்கம் இருக்கிறதா?’ பதில் வரும்வரை பழைய சட்டையையே போட்டுக்கொண்டிருங்கள்.